கோலாலம்பூரில் வீட்டுக் காய்கறித் தோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வீடு செந்தூலில் இருக்கிறது. வரிசை வீடு, கார் நிறுத்தும் இடத்தின் ஓரமாக இரண்டு மீட்டர் அகலத்துக்கு மண், பின்னால் ஒரு சந்து. இந்த இடத்தில் பதினான்கு ஆண்டுகளாகக் கீரையும் காயும் பயிரிட்டு வருகிறேன். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் கேட்கத் தொடங்கிய கேள்விகள் இன்றுவரை நின்றபாடில்லை. திரும்பத் திரும்ப வருகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

இந்த நாட்டில் நம்மவர்களுக்குத் தோட்டம் என்றால் பால்மரத் தோட்டம், அதாவது ரப்பர் தோட்டம்தான் முதலில் நினைவுக்கு வரும். அந்தத் தோட்டங்களில் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் பின்புறம் பாட்டிமார் கீரைப் பாத்தி வைத்திருந்தார்கள். பாத்தி தரையைவிட ஒரு சாண் உயர்ந்திருக்கும். சுற்றிலும் வாய்க்கால் ஓடும். அந்த உயரத்துக்கும் வாய்க்காலுக்கும் காரணம் புரிந்துவிட்டால் கோலாலம்பூரில் காய்கறி வளர்ப்பது பாதி கைவந்துவிடும்.

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பார்களே, நாமும் ஆடி மாதம் வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். அது தமிழ்நாட்டு மழையைப் பார்த்துச் சொன்ன பழமொழி. அங்கே விதைக்கிறவன் மழைக்காகக் காத்திருக்கிறான். இங்கே ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கோயம்புத்தூரில் பெய்வது இதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. ஆகவே கோயம்புத்தூர் மொட்டைமாடியில் எடுத்த காணொளியைப் பார்த்து, "காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுங்கள்" என்பதை அப்படியே செய்தால் செடி வேரழுகிச் சாகும். எத்தனையோ பேர் என்னிடம் கொண்டுவந்து காட்டிய செடிகள் அப்படித்தான் செத்திருந்தன. அங்கே பகை வறட்சி. இங்கே பகை மழை.

பகல் நேரமும் இங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். எந்த மாதமும் தொடங்கலாம். ஆனால் மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை மழை மிகக் கடுமையாக இருக்கும். அப்போது கங்கோங், கொடிப்பசலை போன்று நனைவதைப் பொறுத்துக்கொள்ளும் கீரைகளைப் போடுங்கள். மிளகாய், கத்தரி நாற்றை மே மாதத் தொடக்கத்தில் நட்டால், மழை சற்றுக் குறையும் ஜூன், ஜூலையில் பூவெடுக்கும்; பூ உதிர்வது குறையும். பினாங்கில் கணக்கு வேறு: அங்கே ஜனவரி, பிப்ரவரிதான் வறண்ட மாதங்கள், செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும்.

என் வீட்டில் போதுமான வெயில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காய் காய்க்கும் செடிகளுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் தேவை. கீரைக்கு நான்கு மணி நேரம் போதும். ஒரு விடுமுறை நாளில் மணிக்கு ஒரு முறை வெளியே வந்து, நிழல் எங்கே விழுகிறது என்று சுண்ணக்கட்டியால் தரையில் கோடு போடுங்கள்.

பலர் அறியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகையில் இருக்கிறது. அதனால் மார்ச் கடைசி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை உச்சி வெயில் வடக்குப் பக்கமாகவும், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கமாகவும் சாயும். வடக்கு பார்த்த வீட்டில் ஜூனில் கொழித்த வெண்டை டிசம்பரில் சோம்பி நின்றால் அது உரக்குறை அல்ல, வீட்டின் நிழல். வெயில் தெற்கே போகும் மாதங்களில் அந்த இடத்தைக் கீரைக்கு விட்டுவிடுங்கள். தொட்டியாக இருந்தால் தூக்கிப் பின்பக்கம் வையுங்கள்.

தோண்டினால் செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும்தான் வருகின்றன. இந்த மண்ணில் ஏதாவது முளைக்குமா?

முளைக்கும், ஆனால் அந்த மண்ணுக்குள் அல்ல, அதன் மேல். தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளில் வீடுகளின் முன்னால் இருப்பது பெரும்பாலும் இடத்தை நிரப்பக் கொட்டிய செம்மண்ணும் கட்டட மிச்சமும்தான். அதை ஒரு மண்வெட்டி ஆழத்துக்குக் கொத்தி, பெரிய கற்களைப் பொறுக்கிவிட்டு, அதற்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குப் புதுக் கலவையைக் கொட்டிப் பாத்தி கட்டுங்கள். இங்குள்ள நாற்றுப் பண்ணைகளில் வழக்கமான கணக்கு 3:2:1. மூன்று பங்கு மேல்மண், இரண்டு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு ஆற்றுமணல். பாத்தியைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு வாய்க்கால் எடுத்து வீட்டுச் சாக்கடைப் பக்கம் சாய்த்துவிடுங்கள். மழை ஓய்ந்து அரை மணி நேரத்துக்குப் பிறகும் வாய்க்காலில் தண்ணீர் நின்றால் சாய்வு போதவில்லை.

நம் செம்மண் புளித்த மண், அதாவது அமிலத்தன்மை மிகுந்தது. சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி டோலமைட் சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கிளறி, இரண்டு வாரம் விட்டு, பிறகு நடுங்கள். சுண்ணாம்பையும் கோழி எருவையும் ஒரே நாளில் போடாதீர்கள். எருவில் உள்ள தழைச்சத்து வாயுவாகப் பறந்துவிடும்.

அடுக்குமாடியில் பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறோம். எங்களுக்கு வழி உண்டா?

உண்டு. கிழக்கு பார்த்த பால்கனி என்றால் கீரை, புதினா, வெந்தயக் கீரை, மிளகாய் நன்றாக வரும். மேற்கு பார்த்தது என்றால் பிற்பகல் வெயிலில் தொட்டி சூடேறும். ஒரு தொட்டிக்குள் இன்னொன்றை வைத்து இடையில் காற்றுக்கு இடம் விடுங்கள். எடையைக் கணக்கில் கொள்ளுங்கள்: 30 சென்டிமீட்டர் அகலத் தொட்டி நனைந்த மண்ணோடு 20 கிலோவுக்கு மேல் இருக்கும். எந்தத் தொட்டியையும் கைப்பிடிச் சுவரின் மேலோ வெளிப்பக்கமோ வைக்காதீர்கள். கீழே பிள்ளைகள் நடக்கிறார்கள்.

முதன்முதலில் எதைப் போடலாம்?

தண்டுக்கீரை, கங்கோங், வெண்டை. இந்த மூன்றும் உங்களைக் கைவிடாது.

கீரை விதை கடுகைவிடச் சிறியது. ஒரு தேக்கரண்டி விதையை ஒரு குவளை மணலில் கலந்து தூவினால் சீராக விழும். மேலே மண் போட வேண்டாம். உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும். மழை விதையை அடித்துக்கொண்டு போகாமல் இருக்க, முளைக்கும் வரை பழைய கொசுவலையை விரித்து வையுங்கள். மூன்றாம் நாள் செம்பச்சைப் புள்ளிகளாக மண் பூத்திருக்கும். பத்தாம் நாள் நெருக்கமாக உள்ளவற்றைப் பிடுங்கிப் பருப்பில் போடலாம். 25 முதல் 30 நாளில் முழு அறுவடை.

கங்கோங்குக்கு விதையைவிட எளிய வழி, சந்தையில் வாங்கிய கட்டின் அடித்தண்டைக் கணுவோடு வெட்டி ஊன்றுவது. வெண்டை விதையை ஓர் இரவு ஊறவைத்து நேராகப் பாத்தியிலேயே போடுங்கள். நாற்றாகப் பிடுங்கி நட்டால் அதன் ஆணிவேர் முறிந்து சுணங்கும். 50 நாளில் முதல் காய். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே தீர வேண்டும். இரண்டு காய் முற்றினால் செடி தன் வேலை முடிந்தது என்று நின்றுவிடும்.

இவற்றோடு செக்குர் மானிசையும் ஒரு ஓரத்தில் ஊன்றுங்கள். தமிழில் தவசிக்கீரை. குச்சி ஊன்றினால் போதும், ஆண்டுக்கணக்கில் தழையும். முட்டையோடு வதக்கினால் பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். ஆனால் பச்சையாக அரைத்துச் சாறாகக் குடிக்கவே கூடாது. 1990-களில் தைவானில் உடல் இளைக்க அப்படிக் குடித்த பலருக்கு நுரையீரல் மீளாத அளவுக்குப் பாதிக்கப்பட்டது. சமைத்து, அளவாக உண்ணுங்கள்.

முட்டைக்கோஸ், கேரட், தக்காளி?

முட்டைக்கோசும் கேரட்டும் கேமரன் மலைக்கு உரியவை. இங்குள்ள சூட்டில் கோஸ் உருண்டு கட்டாது. பெரிய தக்காளிக்கு இரவுக் குளிர் போதாமல் பூ உதிரும். உதிராமல் நின்றதும் மழையில் வெடிக்கும். சின்னத் தக்காளி வகையைக் கூரையோரத்தில் வைத்தால் காய்க்கும். கொத்தமல்லி சீக்கிரம் பூத்துவிடும். அதற்குள் பறித்துவிட்டால் நட்டமில்லை.

அக்கா, ஊருக்குப் போனால் நல்ல நாட்டு விதையாகக் கொண்டுவரட்டுமா?

ஆசை புரிகிறது, ஆனால் பெட்டியில் மறைத்துக் கொண்டுவராதீர்கள். வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். காரணம் இல்லாத கெடுபிடி இல்லை இது: ஒரு பிடி விதையோடு வரும் நோய் ஒரு மாநிலத்துப் பயிரையே அழிக்கக்கூடும்.

இங்கேயே விதைக்குப் பஞ்சமில்லை. புடலை, பீர்க்கு, பாகல், அவரை, அகத்தி, மணத்தக்காளி எல்லாம் நம்மவர்களின் வீடுகளில் தலைமுறைகளாக முளைத்துக்கொண்டிருக்கின்றன. கோயிலில் பக்கத்தில் உட்காருகிறவரைக் கேளுங்கள். இந்த மழையில் பிழைத்துக் காய்த்த செடியின் விதை எந்தப் பொட்டலத்தையும் விட உயர்ந்தது. நாற்றுக்கும் மண்ணுக்கும் நான் கோலாலம்பூருக்கு அருகிலுள்ள சுங்கை பூலோவுக்குப் போகிறேன். அங்கே 1930-இல் தொடங்கிய தொழுநோயாளர் குடியிருப்பில் குணமடைந்தவர்கள் தம் கையால் உருவாக்கிய நாற்றுப் பண்ணைகள் உண்டு. சமூகம் ஒதுக்கிவைத்த மனிதர்கள் ஊருக்கெல்லாம் செடி கொடுத்தார்கள் என்பதை அங்கே போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

மிஞ்சிய விதையை இறுக மூடிய புட்டியில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். இந்த ஈரக்காற்றில் அலமாரியில் வைத்தால் சில மாதத்திலேயே முளைப்புத் திறன் போய்விடும்.

எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது?

விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். ஊற்றினால் காலையில் ஊற்றுங்கள். மாலையில் ஊற்றினால் இரவெல்லாம் இலை நனைந்திருந்து பூஞ்சணம் பிடிக்கும்.

என்ன உரம், எப்போது?

பெருமழை மண்ணில் உள்ள சத்தைக் கரைத்து அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அள்ளிக் கொட்டுவதைவிட, பத்து நாளுக்கு ஒரு முறை ஒரு சிட்டிகை போடுவதே மேல். நன்கு மக்கிய அல்லது குருணையாக்கிய கோழி எரு கீரைக்கு நல்லது. பச்சைக் கோழி எரு வேரைச் சுட்டுவிடும். அரிசி களைந்த தண்ணீரை ஊற்றலாம். அதையே உரம் என்று நம்பியிருக்க வேண்டாம். முட்டை ஓடு மண்ணில் கரைய மிக நீண்ட காலம் ஆகும். தூளாக இடித்துப் போட்டால்தான் பயன்.

மிளகாய் இலை எல்லாம் சுருண்டுவிட்டது. என்ன நோய்?

முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டிருந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் குவிந்து இலை தடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப் பூச்சி. மஞ்சள் தட்டிக் குட்டையாகி, வெள்ளை ஈ பறந்தால் அது நச்சுயிரி நோய். அந்தச் செடியை அன்றே பிடுங்கி, பையில் கட்டி எறிந்துவிடுங்கள். அதற்கு மருந்து இல்லை, தயவு பார்த்தால் பக்கத்துச் செடிகளும் போகும்.

முதல் இரண்டுக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள். மழை பெய்து கழுவிவிட்டால் மறுபடி தெளிக்க வேண்டும். செடியில் எறும்பு ஊர்ந்தால் அசுவினியையோ மாவுப்பூச்சியையோ தேடுங்கள். அவற்றின் இனிப்புக் கழிவுக்காகத்தான் எறும்பு வருகிறது.

காய்த்துக்கொண்டிருந்த கத்தரி பச்சையாகவே வாடிச் செத்துவிட்டது. ஏன்?

இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நானும் இதில் அழுதிருக்கிறேன். முதல் ஆண்டு எட்டுக் கத்தரிச் செடிகள் ஊதாப் பூவும் பிஞ்சுமாக நின்றன. ஒரு நண்பகலில் ஒரு செடி மட்டும் தலை தொங்கியது, இரவில் நிமிர்ந்தது. மூன்றாம் நாள் நிமிரவில்லை. இலையில் ஒரு மஞ்சள் புள்ளிகூட இல்லை. தண்ணீர் போதவில்லை என்று ஊற்றினேன். பத்து நாளில் எட்டும் போயின.

பிறகு ஒரு முதிய சீனக் காய்கறித் தோட்டக்காரர் காட்டிக் கொடுத்தார். செடியின் அடித்தண்டை ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீர் வைத்து, வெட்டுவாய் மட்டும் நீரைத் தொடும்படி பிடிக்கச் சொன்னார். ஓரிரு நிமிடத்தில் தண்டிலிருந்து வெள்ளை நூல் இறங்கியது, பால்மரத்தின் வெட்டில் வடிவதுபோல, அதைவிட மெல்லியதாக. அந்த நூல் முழுக்க பாக்டீரியா. மண்ணிலேயே இருந்து வேர் வழியாக ஏறி, நீர்க்குழாய்களை அடைத்துவிடுகிறது. நான் ஊற்றிய தண்ணீர்தான் நோயை ஒரு செடியிலிருந்து மறு செடிக்குக் கொண்டுபோயிருக்கிறது.

மருந்து கிடையாது. நோயுற்ற செடியை வேரோடும் மண்ணோடும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் சில ஆண்டுகளுக்குக் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் வேண்டாம். கீரையோ பயற்றங்காயோ போடுங்கள். நிலைத்த வழி ஒட்டுக் கட்டுவது. நம் சுண்டைக்காய்ச் செடி இருக்கிறதே, மலாய்க்காரர்கள் தெரோங் பிப்பிட் என்பது, அதன் வேர் இந்த நோயை நன்றாகத் தாங்கும். சுண்டை விதை மெதுவாக முளைக்கும் என்பதால் கத்தரிக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே போட வேண்டும். இரண்டு தண்டும் பென்சில் முள் கனம் வந்ததும் சாய்வாக வெட்டிப் பொருத்தி, சிறு கவ்வியால் பிடித்து, ஒரு வாரம் நிழலில் பிளாஸ்டிக் பையால் மூடி வையுங்கள். பத்தில் ஆறு பிடித்தாலே நல்ல கை. அந்தச் செடி ஆண்டுக்கும் மேலாகக் காய்க்கும்.

பாகற்காய் பிஞ்சிலேயே கோணி மஞ்சளாகி விழுகிறது.

பழ ஈ. பிஞ்சைக் குத்தி உள்ளே முட்டையிடுகிறது. பூ வாடி, பிஞ்சு சுண்டுவிரல் அளவு வந்த அன்றே செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி மாட்டி, மேல்பக்கம் மட்டும் பின் அடித்து, கீழ்ப்பக்கத்தைத் திறந்து விடுங்கள். விழுந்த பிஞ்சுகளை எருக்குழியில் போடாமல் பையில் கட்டி வெயிலில் வையுங்கள்.

இரவில் நத்தை எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது.

மழை விட்ட இரவில், எட்டு மணிக்கு மேல் கைவிளக்கோடு போய்ப் பொறுக்குவதைவிட நல்ல வழி இல்லை. கட்டாயம் கையுறை போடுங்கள்: பெரிய ஆப்பிரிக்க நத்தை, மூளையைத் தாக்கும் எலிப்புழுவைச் சுமக்கக்கூடியது. அதே காரணத்துக்காக, தோட்டத்துக் கீரையை ஒவ்வோர் இலையாகக் கழுவிச் சமைத்தே உண்ணுங்கள்.

தோட்டம் வைத்தால் டெங்கி கொசு வருமா?

தோட்டத்தால் வராது, தேங்கிய நீரால் வரும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். தொட்டித் தட்டுகளை எடுத்துவிடுவதே மேல். வைத்திருந்தால், நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, நீர் பட்டதும் பொரியும். யாரும் பார்க்காத இடம் ஒன்று உண்டு: பந்தலுக்கு நட்ட மூங்கிலின் வெட்டுவாய். அதில் மணலை நிரப்பி அடைத்துவிடுங்கள். மழைநீர் பீப்பாய்க்கு நெருக்கமான வலை கட்டுங்கள். கொசு பெருக இடம்கொடுத்தால் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டம் 1975-இன்படி நடவடிக்கை வரும். சட்டத்தைவிட, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நம் மனம் தாங்காது.

முருங்கையும் கறிவேப்பிலையும் ஏன் எங்கள் வீட்டில் தங்குவதில்லை?

முருங்கைக்குக் கால் நனைந்தே இருந்தால் ஆகாது. முழங்கால் உயரத்துக்கு மண்ணைக் குவித்து அதன் உச்சியில் நடுங்கள். கை நீளப் போத்தை வெட்டி, இரண்டு நாள் நிழலில் காயவிட்டு ஊன்றினால் அழுகாது. நெஞ்சளவுக்கு மேல் விடாமல் வெட்டிக்கொண்டே இருந்தால் கீரை குறைவில்லாமல் கிடைக்கும். காயை அதிகம் எதிர்பார்க்காதீர்கள். மழையில் பூ நிற்காது.

கறிவேப்பிலைக்கு முதல் ஆண்டு பொறுமை. இலையை உருவாமல் கொத்தாக நுனியோடு ஒடித்தால்தான் பக்கக் கிளை வரும். பறவை எச்சம்போல் இலைமேல் கிடப்பவை பட்டாம்பூச்சிப் புழுக்கள். இளஞ்செடியில் இருந்தால் எடுத்துவிடுங்கள். வளர்ந்த மரமானால் நான் நான்கைந்தை விட்டுவிடுவேன். அவ்வளவு இலை அவற்றுக்கும் சேர்ந்ததுதான்.

பின்சந்திலும் பயிரிடலாமா?

சந்து உங்கள் நிலம் அல்ல. நகர்த்தக்கூடிய தொட்டிகளை, தீயணைப்பு வண்டிக்கும் குப்பை வண்டிக்கும் வழி விட்டு வைத்தால் அண்டை வீட்டார் பொறுப்பார்கள். சிமெண்டுத் திட்டு, இரும்புப் பந்தல் வேண்டாம். 1974-இல் துன் அப்துல் ரசாக் அரசாங்கம் பச்சைப் புத்தகத் திட்டத்தின் வழியாக வீட்டைச் சுற்றிக் காய்கறி போடச் சொன்ன காலத்தில் இருந்த நிலம் இன்று நகரில் இல்லை. அதனால் சேர்ந்து செய்வதே வழி. குடியிருப்பாளர் சங்கம் மூலம் மாநகர் மன்றத்திடம் கேட்டு, பொதுத் தோட்டமாக நடத்துங்கள்.

பொங்கலுக்கு வீட்டு மஞ்சள் கொத்து வேண்டும். எப்போது நட வேண்டும்?

சித்திரையில். மஞ்சளுக்கு எட்டு, ஒன்பது மாதம் வேண்டும். ஏப்ரல் பாதியில், முளை கட்டிய கிழங்கை விரல் ஆழத்தில், உயர்ந்த பாத்தியில் வையுங்கள். ஒரு முழ இடைவெளி போதும். பாதி நாள் நிழல் பட்டாலும் பாதகமில்லை. ஆகஸ்டில் இலை பெரிதாகும். மலாய்க்கார அண்டை வீட்டார் ரெண்டாங் என்னும் இறைச்சிக் கறிக்கு மஞ்சள் இலை கேட்டு வருவார்கள், செடிக்கு ஒன்றிரண்டு கொடுத்தால் கிழங்கு குறையாது. நவம்பர் மழையில் அடிமண் கரைந்து கிழங்கு வெளியே தெரியும். அப்போது மண் அணைத்துவிடுங்கள். போகிக்கு முன்தினம் பிடுங்காதீர்கள், வாடிவிடும். பொங்கலன்று விடியற்காலையில், மண் ஈரமாக இருக்கும்போது, தண்டின் அடியைப் பிடித்து மெல்ல ஆட்டி எடுத்தால் கிழங்கு முறியாமல் இலையோடு வரும். கழுவி, அப்படியே பானைக் கழுத்தில் கட்டிவிடலாம்.